குடியை நிறுத்த நினைக்கும் டெல்டாக்காரருக்கு: ஏ.ஏ. மீட்டிங்கைக் கண்டுபிடித்துப் போய் உட்காருவது எப்படி

சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் குடி நிற்கிறது. அம்மனுக்குக் காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை நிற்கிறது. சாமி முன்னால் கயிறு கட்டிச் சத்தியம் செய்தவர் ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கிறார். மாலையைக் கழற்றிய அன்றைக்கே, கயிற்றை அவிழ்த்த மறுநாளே பழையபடி கடை வாசல். நிறுத்த எல்லோருக்கும் தெரிகிறது. நிறுத்திய பிறகு வரும் நாட்களைத் தனியாளாகக் கடத்தத்தான் முடிவதில்லை. அந்த நாட்களுக்காக இருப்பதுதான் மீட்டிங்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் தொடங்கியது. ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், ஒருவரிடம் ஒருவர் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருந்தால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். இன்றைக்கும் அதே வேலைதான் நடக்கிறது. கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, ஆதார் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், நீங்கள் உறுப்பினர். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் அந்த அறைவரை எப்படிப் போய்ச் சேர்வது, போன பிறகு எப்படித் தொடர்வது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

முதலில் உடம்பைப் பாருங்கள்

தினமும் குடிப்பவர், அதிலும் காலையில் கை நடுக்கத்துக்கு ஒரு கட்டிங் போட்டால்தான் சட்டைப் பொத்தான் மாட்ட முடியும் என்ற நிலையில் இருப்பவர், வீராப்பாக ஒரே நாளில் வீட்டிலேயே நிறுத்தக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் ஆனதும் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கலாம். முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போகும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், யாரோ கூப்பிடுவதாக எழுந்து ஓடுவார்கள், காய்ச்சலும் அடிக்கும். இதைப் பேய் பிடித்ததாக நினைத்து வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போய் நேரத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. இது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை. உடனே 108.

அதனால் முன்பு வலிப்பு வந்தவர், கல்லீரல் கோளாறு உள்ளவர், காலைக் குடி உள்ளவர், வயதானவர் எல்லோரும் மீட்டிங்குக்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், திருச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, காலை ஓ.பி.க்குப் போங்கள். மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு என்றைக்கு வருகிறார் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள். இந்தப் பி1 விஷயம் முக்கியம். தெருமுனை கிளினிக்கில் தெளிய வைக்க என்று குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றி அனுப்புவது வழக்கம். பல வருடம் குடித்து, சரியாகச் சாப்பிடாத உடம்பில் பி1 வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிப்பு முற்றக்கூடும். எந்த டாக்டரிடம் போனாலும், எத்தனை வருடமாக, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவே அதை வைத்துத்தான்.

ஏ.ஏ. மருத்துவம் பார்ப்பதில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் உரிமை அங்கே யாருக்கும் இல்லை. அப்படி ஒருவர் சொன்னால் கேட்க வேண்டாம்.

மீட்டிங் எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொள்வது

பெரிய போர்டு வைத்து நடத்துவதில்லை என்பதால் தேடத்தான் வேண்டும். பள்ளிக்கூட வகுப்பறை, சர்ச்சின் பின்பக்க ஹால், ஆஸ்பத்திரியில் ஒரு அறை, சமுதாயக் கூடம் என்று சின்ன வாடகைக்கு எடுத்த இடங்களில்தான் பெரும்பாலும் நடக்கும். சர்ச் ஹாலில் நடப்பதால் அது மதக் கூட்டம் இல்லை. இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

சுருக்கமான வழி போன். 14446 என்பது மத்திய அரசின் போதை மீட்பு இலவச உதவி எண். உங்கள் மாவட்டத்தைச் சொல்லி, அருகில் ஏ.ஏ. மீட்டிங்கும் சிகிச்சை மையமும் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டாவது வழி, மேலே சொன்ன மனநல ஓ.பி. அங்குள்ள ஆலோசகரிடம் ‘ஏ.ஏ. ஆளுங்க நம்பர் இருக்கா’ என்று நேராகக் கேட்கலாம். ஏ.ஏ. உறுப்பினர்கள் சிகிச்சையில் இருப்பவர்களைப் பார்த்துப் பேச ஆஸ்பத்திரிகளுக்குப் போவதுண்டு, எண்ணைக் கொடுத்துவைப்பதும் உண்டு. மூன்றாவது, ஏ.ஏ.வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகத்தின் இணையதளம். அலுவலகம் மும்பையில் இருந்தாலும் ஊர் வாரியாகத் தேடலாம், உதவி எண்களும் கிடைக்கும்.

பட்டியலை மட்டும் நம்பிப் பஸ் ஏறாதீர்கள். இங்கேதான் பலர் முதல் அடியிலேயே இடறுகிறார்கள். பரீட்சை நேரத்தில் பள்ளிக்கூடம் அறை தராது, பண்டிகை வாரத்தில் நாள் மாறும், இடமே மாறியிருக்கும். குழுவின் பெயர் ஒன்று, கட்டடத்தின் பெயர் வேறு என்பதால் அக்கம்பக்கத்துக் கடையில் கேட்டாலும் தெரியாது. ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து பூட்டிய கதவைப் பார்த்தவர், திரும்பும் வழியில் எங்கே நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. கிளம்பும் அன்று காலையில் ஒரு போன் செய்துவிடுங்கள்.

போனை எடுப்பவர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் இல்லை. அவரும் குடித்து நிறுத்தியவர்தான். நீட்டி முழக்க வேண்டாம்; ‘வணக்கம் சார், குடியை நிறுத்தணும், மீட்டிங் எங்க நடக்குது’ என்றால் போதும். பிறகு இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: என்ன கிழமை, எத்தனை மணிக்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்து எப்படி வர வேண்டும், வாசலில் என்ன அடையாளம், குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் மூடிய மீட்டிங்கா, வீட்டாரும் வரக்கூடிய திறந்த மீட்டிங்கா, பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து அழைத்துப்போக முடியுமா. கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். புது ஆளைக் கூட்டிவருவதற்காக டீக்கடையில் காத்திருக்க அங்கே ஆள் இருக்கும். எடுக்கவில்லை என்றால் அவர் வேலையிலோ மீட்டிங்கிலோ இருப்பார். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிடுங்கள்.

பணம் கேட்டால் அது ஏ.ஏ. இல்லை. தனியார் மறுவாழ்வு மையங்கள் வேறு, ஏ.ஏ. வேறு. மையத்தில் சேர வேண்டியிருந்தால், 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த இடமா என்று சான்றைக் காட்டச் சொல்லுங்கள். டாக்டர் யார், எப்போது வருகிறார் என்பதையும் கேளுங்கள். ராத்திரியில் வேனில் வந்து ஆளைக் கட்டித் தூக்கிப்போகிறோம் என்று சொல்லும் இடத்துக்கு வீட்டார் சம்மதிக்கக் கூடாது.

முதல் நாள் கிளம்புவது

மீட்டிங் பெரும்பாலும் சாயங்காலம் வைப்பார்கள், அல்லது ஞாயிற்றுக்கிழமை. டாஸ்மாக் மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. ஆக நீங்கள் மீட்டிங்குக்குப் போகும் நேரமும் கடையில் கூட்டம் நெரியும் நேரமும் ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹாலுக்குப் போகும் பாதையில் கடை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு, இருந்தால் ஷேர் ஆட்டோவிலோ வேறு தெரு வழியாகவோ போங்கள். கையில் பஸ் காசும் கொஞ்சம் மீதியும் போதும். அன்றைய கூலியை வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஐந்தரை ஆறு மணிக்கு வரும் பசியை, குடித்துப் பழகிய உடம்பு சரக்குக்கான ஆசையாகத்தான் காட்டும். இரண்டு வாழைப்பழம், ஒரு பொட்டலம் சுண்டல், சட்டைப் பையில் நாலு மிட்டாய். இனிப்பு உள்ளே போனதும் ஆசை தணிவதாக மீட்டிங்கில் பழையவர்கள் எல்லோரும் சொல்வார்கள். சர்க்கரை நோய் இருந்தால் மிட்டாய்க்குப் பதில் சுண்டலே போதும்.

திரும்பி வரும் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே கேட்டுவையுங்கள். கும்பகோணத்திலிருந்து உள்ளே எட்டுப் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊர்க்காரருக்கு இது சின்ன விஷயம் இல்லை. திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியில் பாசஞ்சர் ரயில் கிடைத்தால் செலவு குறையும். பஸ் நேரம் ஒத்துவராவிட்டால் அதையும் போனில் சொல்லுங்கள். அதே பாதையில் பைக்கில் வருபவர் யாராவது இருப்பார்.

அன்றைக்குக் குடித்துவிட்டீர்களா? அப்படியும் போகலாம். சத்தம் போடாமல் பின் வரிசையில் உட்கார்ந்தால் விரட்ட மாட்டார்கள். பேசச் சொல்ல மாட்டார்கள், கேட்டுக்கொண்டிருக்கச் சொல்வார்கள். குடித்திருந்தால் பைக்கை மட்டும் எடுக்காதீர்கள்.

உள்ளே என்ன நடக்கும்

பத்துப் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு மேஜை, அதில் சில சின்னப் புத்தகங்கள், ஒரு ஃபிளாஸ்க் டீ, பிஸ்கட். சுவரில் பன்னிரண்டு படிகளும் (குடியிலிருந்து மீள உறுப்பினர் ஒவ்வொன்றாகச் செய்துவருபவை) பன்னிரண்டு மரபுகளும் (குழு நடக்கும் முறைகள்) எழுதிய துணி பேனர். மீட்டிங் முடிந்ததும் சுருட்டிப் பைக்குள் வைத்துவிடுவார்கள். மொத்தம் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை.

அன்றைக்கு நடத்துபவர் முன்னால் உட்கார்ந்து தொடங்கிவைப்பார். கொஞ்சம் மௌனம், பிறகு ஒரு பிரார்த்தனை. மாற்ற முடியாததை ஏற்கும் அமைதியும், மாற்ற முடிந்ததை மாற்றும் தைரியமும், இரண்டையும் பிரித்தறியும் அறிவும் வேண்டும் என்று கேட்கும் நாலு வரி அது. அதன்பின் ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு பத்தியை வாசிப்பார்கள். அடுத்து ஒவ்வொருவராக ஐந்து முதல் பத்து நிமிடம் பேசுவார்கள். பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்குவார்கள். மற்றவர்கள் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்வார்கள். குடித்த காலத்தில் என்ன ஆனது, எப்படி நிறுத்தினார், இப்போது எப்படி இருக்கிறார், இவ்வளவுதான் பேச்சு. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேச மாட்டார், பதில் சொல்ல மாட்டார், புத்தி சொல்ல மாட்டார். பஞ்சாயத்துப் பேசிப் பழகிய நமக்கு இது முதலில் விசித்திரமாகப் படும். குறுக்கீடு இல்லை என்பதால்தான், பெண்டாட்டி தாலியை அடகு வைத்ததை ஒரு ஆள் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது.

உங்கள் முறை வந்தால் பெயரை மட்டும் சொல்லி, ‘இன்னிக்கு கேக்க வந்தேன்’ என்று முடித்துக்கொள்ளலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். முழுப் பெயர் வேண்டாம், வேலை வேண்டாம், ஊர்கூட வேண்டாம். எந்தத் தெரு என்று நம் பக்கத்தில் கேட்கும் கேள்விக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வி இங்கே வரக் கூடாது. யாராவது பழக்கதோஷத்தில் கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கலாம். மிராசுதாரும் நடவு ஆளும் ஒரே வரிசை நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஃபிளாஸ்க் டீயைக் குடிப்பது இந்த அறையில் வழக்கமான காட்சி.

நடுவில் ஒரு பையோ டப்பாவோ சுற்றிவரும். வாடகைக்கும் டீக்கும் உறுப்பினர்களே பத்தோ இருபதோ போடுவார்கள். வெளியார் பணத்தை ஏ.ஏ. வாங்குவதில்லை. முதல் முறை வந்தவர் எதுவும் போட வேண்டியதில்லை. பையை அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்கள். சில நாட்களில் ஒருவர் குடிக்காமல் ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருடம் முடித்ததற்கு வில்லை கொடுப்பார்கள், கேக் வெட்டுவார்கள். கைதட்டுங்கள், கூச்சப்படாதீர்கள்.

படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. அதற்கு அவரவர் புரிந்துகொண்டபடி என்பதுதான் அங்கே பொருள். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிறவரும் நாகூர் தர்காவுக்குப் போகிறவரும் வருகிறார்கள். டெல்டாவில் கறுப்புச் சட்டைக்காரர்களும் செங்கொடிக் குடும்பங்களும் நிறைய. சாமி கும்பிடாதவர் இந்த ஒரு காரணத்துக்காகத் திரும்பிப்போக வேண்டியதில்லை. பிரார்த்தனை நேரத்தில் சும்மா நிற்கலாம். குடிக்காமல் இருக்கும் இந்தக் கூட்டமே தன்னைவிடப் பெரிய சக்தி என்று வைத்துக்கொண்டு வருடக்கணக்காகத் தெளிவாக இருப்பவர்கள் உண்டு.

மீட்டிங் முடிந்ததும் ஓடாதீர்கள். புது ஆட்கள் செய்யும் பெரிய தவறு இது. முக்கியமான காரியம் அதற்குப் பிறகு வரும் பத்து நிமிட டீயில்தான் நடக்கிறது. குறைந்தது இரண்டு பேரின் போன் நம்பரை வாங்கி, அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துப் பதிந்துகொள்ளுங்கள். பெண்களானால் பெண் உறுப்பினரின் நம்பரைக் கேளுங்கள். அந்தக் குழுவில் பெண் யாரும் இல்லையென்றால் வேறு ஊர்ப் பெண் உறுப்பினரின் தொடர்பை வாங்கித்தரச் சொல்லலாம். இணையவழி மீட்டிங்கிலும் தேடலாம். முதல் தடவை கூட யாராவது துணைக்கு வர வேண்டுமானால் திறந்த மீட்டிங் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ஊரில் யாராவது பார்த்துவிட்டால்?

தெரிந்த முகம் ஒன்று உள்ளே உட்கார்ந்திருக்கலாம். அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது ஏ.ஏ.வின் அடிப்படை. அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் சொந்த ஊரை விட்டுப் பக்கத்து ஊர் மீட்டிங்குக்குப் போங்கள். கும்பகோணத்துக்காரர் தஞ்சாவூர் போகலாம், 40 கிலோமீட்டர்தான். திருவாரூர்க்காரர் நாகப்பட்டினம் போகலாம், சுமார் 25. கொஞ்சம் பழகியதும் பலர் தாங்களாகவே சொந்த ஊர்க் குழுவுக்கு வந்துவிடுகிறார்கள். கடை வாசலில் விழுந்துகிடந்ததை ஊரே பார்த்த பிறகு, ஹால் வாசலில் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்றும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

முதல் மூன்று மாதம்

ஒரு மீட்டிங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நாள் மூன்றே பேர் இருப்பார்கள், ஒரு நாள் ஒருவரே அரை மணி நேரம் பேசுவார். ஆறு மீட்டிங்காவது, முடிந்தால் இரண்டு வேறு குழுக்களில், உட்கார்ந்து பாருங்கள். கேட்கும்போது மனம் ஒரு வேலை செய்யும்: ‘இவன் வீட்டையே வித்துட்டான், நான் அவ்வளவு மோசம் இல்ல.’ வித்தியாசத்தைத் தேடினால் நிச்சயம் கிடைக்கும், அதோடு கடைக்கான வழியும் கிடைக்கும். உங்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகும் ஒரு விஷயத்தை ஒவ்வொரு முறையும் பிடித்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

புதியவர்களிடம் 90 நாளில் 90 மீட்டிங் என்று ஏ.ஏ.வில் சொல்வதுண்டு. பெருநகரத்துக்கு அது சரி. வலங்கைமானிலோ வேதாரண்யத்திலோ இருப்பவர் தினமும் பஸ் ஏறினால் கூலி போய்விடும். இங்கே நடக்கக்கூடிய கணக்கு இது: வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நேரடி மீட்டிங். மற்ற நாட்களில் தமிழில் நடக்கும் ஜூம் மீட்டிங். ஜூம் நம்பரையும் நேரத்தையும் குழுவிலேயே கொடுப்பார்கள், படம் காட்டாமல் பெயரை மட்டும் போட்டு உட்காரலாம். இது இரண்டும் இல்லாத நாளிலும் ஒரு போன், கண்டிப்பாக. ஆசை வந்த பிறகு போன் செய்யலாம் என்று இருந்தால் அந்த நேரத்தில் கை போனை எடுக்காது. ஒன்றுமே இல்லாத நாளில், சாப்பாட்டுக்கு முன், ‘இன்னிக்கு நல்லாத்தான் இருக்கேன்’ என்று சொல்லப் பழகியவருக்குத்தான் மோசமான நாளில் கூப்பிட வரும்.

ஒரு மாதம் போனதும் ஸ்பான்சர் ஒருவரைப் பிடியுங்கள். ஸ்பான்சர் என்பவர் படிகளைக் கூட இருந்து சொல்லிக்கொடுக்கும் மூத்த உறுப்பினர். குறைந்தது ஒரு வருடம் குடிக்காமல் இருப்பவராகவும், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி, சொந்தக்காரர், கடன் கொடுத்தவர் வேண்டாம். அவரிடம் கைமாத்து வாங்காதீர்கள், அவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். காசு குறுக்கே வந்தால் போன் நின்றுவிடும், போன் நின்றால் மீட்டிங் நின்றுவிடும். பொருந்தவில்லை என்றால் நன்றி சொல்லி வேறு ஒருவரைக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மூன்றாவது மாதம் தனி ஆபத்து. முகம் தெளிந்திருக்கும், பசி எடுக்கும், வீட்டில் பேச ஆரம்பித்திருப்பார்கள். ‘சரியாயிட்டேன்’ என்று மீட்டிங்கை விடுவதும், ‘பீர் மட்டும்’ என்று ஒரு யோசனை வருவதும் இந்தச் சமயத்தில்தான். கணக்கைப் பாருங்கள்: 180 மி.லி. குவாட்டர் பிராந்தி 42.8 சதவீதம் என்றால் அதில் ஆல்கஹால் 77 மி.லி. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. பாட்டில் ஒன்றில் 52 மி.லி. இரண்டு பாட்டில் பீர் குடித்தவர் ஒரு குவாட்டரைத் தாண்டிவிட்டார். குடிநோய் உள்ளவருக்கு அந்த இரண்டோடு நிற்காது என்பது அடுத்த பிரச்சினை.

நம் ஊர் வருடத்தில் வழுக்கும் இடங்கள்

பசி, கோபம், தனிமை, அலுப்பு. இந்த நான்கில் ஏதாவது ஒன்று இருக்கும்போதுதான் பெரும்பாலும் கால் வழுக்கும். டெல்டா வருடத்தில் அவை எப்போதெல்லாம் கூடிவரும் என்று முன்பே தெரியும் என்பது ஒரு வசதி. சம்பா அறுவடை முடிந்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் குவித்துக் காவல் காக்கும் ராத்திரிகள் முதலாவது. குளிர், அலுப்பு, பக்கத்துக் குவியல்காரர்களின் கூட்டு. ஒரே ஆளாக ராத்திரி முழுதும் இருக்காமல் வீட்டில் ஒருவரோடு முறை மாற்றிக்கொள்ளுங்கள், ஃபிளாஸ்க்கில் டீயும் போனில் முழு சார்ஜும் இருக்கட்டும். நெல் பணம் வங்கிக் கணக்குக்கு வரும், ஏ.டி.எம். கார்டு அந்த மாதம் மனைவியிடமோ அம்மாவிடமோ இருக்கட்டும்.

துக்க வீடு அடுத்தது. காலையிலேயே போய் மாலை போட்டு, வீட்டாரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடலாம். மதியத்துக்கு மேல் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுச் சரக்கு வாங்க ஆரம்பிக்கும்போது நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. நெருங்கிய சாவு என்றால் குழுவிலிருந்து ஒருவரைக் கூட இருக்கச் சொல்லுங்கள், வருவார்கள். தலைதீபாவளி, கிடா வெட்டு, காணும் பொங்கல் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போதும்: ‘டாக்டர் கூடாதுன்னுட்டார், மாத்திரை சாப்புடுறேன்.’ காரணம் நீள நீள மச்சான் கை ஊற்றுவதற்கு நெருங்கும். டாஸ்மாக் மூடும் நாள் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். முதல் நாளே வாங்கிப் பதுக்குவது பழைய பழக்கம். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது என்பதால் எல்லை ஓரத்து ஊர்களில் இந்தக் கணக்கே வேறு.

சறுக்கினால்

குடித்துவிட்டால் மறுநாளே போன் செய்து உண்மையைச் சொல்லி, அடுத்த மீட்டிங்குக்குப் போங்கள். நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், உறுப்பினர் தகுதி போகாது. வெட்கத்தில் ஒளிந்துகொள்ளும் ஒரு வாரம்தான் மூன்று வருடமாக நீள்கிறது. ஒரு எச்சரிக்கை: சில மாதம் குடிக்காத உடம்புக்குப் பழைய தாங்கும் திறன் இருக்காது. முன்பு குடித்த அதே அளவைக் குடித்தால் மூச்சு நிற்கும் அளவுக்குப் போகலாம். எழுப்பினாலும் எழாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். செத்துவிடலாம் என்று தோன்றினால் 104 அல்லது 14416, எந்த நேரமானாலும்.

வீட்டாருக்கு

அவருக்காக நீங்கள் மீட்டிங் நம்பருக்குப் போன் செய்து விவரம் கேட்கலாம், ஆனால் மீட்டிங்குக்கு வருகிறேன் என்று சொல்லும் போனை அவரே செய்ய வேண்டும். பேச நல்ல நேரம் காலை, தெளிவாக இருக்கும்போது. குடித்திருக்கும் ராத்திரியில் பேசுவது எதுவும் அவர் நினைவில் நிற்காது.

சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் மருந்து வேண்டவே வேண்டாம். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, உயிரே போகலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம்வரை இந்த ஆபத்து உண்டு. டாக்டர் பார்த்து, அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்துச் சாப்பிட வேண்டிய மருந்து அது. அதைச் சாப்பிடுபவர் அரிஷ்டம், ஆல்கஹால் கலந்த இருமல் டானிக் இவற்றையும் தொடக் கூடாது. அரிஷ்டத்தில் நொதித்து உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது.

குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனி மீட்டிங் இருக்கிறது. அவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம். கடனை அடைப்பது, லீவு சொல்லிப் பொய் பேசுவது, ஒளித்துவைத்த பாட்டிலைத் தேடுவது இவற்றிலிருந்து எப்படி விலகுவது என்பதை அதையே கடந்துவந்த பெண்கள் அங்கே சொல்வார்கள். அடி விழுகிறது என்றால் மீட்டிங்குக்காகக் காத்திருக்காதீர்கள். 181 பெண்கள் உதவி எண், அவசரத்துக்கு 112.

பக்கத்தில் மீட்டிங்கே இல்லையென்றால்

குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு குடிநோயாளிகள் சேர்ந்து உட்கார்ந்தால் அது ஒரு ஏ.ஏ. குழுவாகலாம். ஆனால் நேற்று நிறுத்திய இருவர் மட்டும் தொடங்கினால் பெரும்பாலும் நிலைக்காது; ஒருவர் சறுக்கினால் மற்றவரையும் இழுத்துக்கொண்டு போவார். ஆறு மாதமாவது பக்கத்து ஊர் குழுவில் உட்கார்ந்து, அங்கிருந்து மூத்தவர் ஒருவர் முதல் சில வாரம் வந்துபோக ஒப்புக்கொண்ட பிறகு தொடங்குங்கள். இடத்துக்குச் சின்னத் தொகையானாலும் வாடகை கொடுங்கள். கட்சி அலுவலகம், சாதிச் சங்கக் கட்டடம், யாருடைய வீட்டுத் திண்ணையும் வேண்டாம். ஊரில் பாதிப் பேர் அங்கே காலெடுத்து வைக்கத் தயங்குவார்கள். கிழமையையும் நேரத்தையும் ஒருமுறை வைத்தால் ஒரு வருடம் மாற்றாதீர்கள். கடைசி டவுன் பஸ்ஸுக்கு அரை மணி முன்னால் முடியும்படி வையுங்கள். பெயர், நாள், நேரம், இரண்டு போன் நம்பர் இவற்றை மும்பை அலுவலகத்துக்குத் தெரிவித்துப் பட்டியலில் சேருங்கள். அதே விவரத்தை ஒரு சீட்டில் எழுதி அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி., ஆரம்ப சுகாதார நிலையம், பங்குத் தந்தை, பள்ளிவாசல் ஜமாத், காவல் நிலையம் இங்கெல்லாம் கொடுத்துவையுங்கள். நம்பர் மாறினால் அன்றைக்கே எல்லாச் சீட்டையும் மாற்ற வேண்டும். வாரா வாரம் சாவியை வாங்கிக் கதவைத் திறப்பவர் யார், அவர் வர முடியாத வாரத்தில் யார் என்று இரண்டு பேரை முதல் மீட்டிங்கிலேயே முடிவு செய்துவிடுங்கள்.